சிறிய அறையில் கிட்டாருக்கு ஸ்டுடியோ மானிட்டர்: தேர்விலிருந்து பொருத்துவது வரை

பெங்களூரில் வாடகைக்கோ லீஸுக்கோ எடுத்த வீட்டின் இரண்டாவது படுக்கையறை, அதில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், சுவரோரம் ஒரு கிட்டார்: அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை தமிழ் பேசும் கிட்டார் கலைஞர்கள் பலருக்கு ஸ்டுடியோ என்பது இவ்வளவுதான். இந்த அமைப்பில் அடுத்ததாக வாங்க நினைப்பது ஒரு ஜோடி மானிட்டர், அதாவது ஒலியை உள்ளபடி கேட்பதற்கான ஸ்பீக்கர். பெரும்பாலோர் கையில் உள்ள பணத்துக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலிகளைத் தரும் கூம்பைத் தேடுகிறார்கள். இந்த வழிகாட்டி அதற்கு நேர் எதிரான வரிசையில் செல்கிறது. முதலில் அறை, பிறகு அளவு, அதன் பிறகே மாடல். கிட்டார் வாசிப்பவருக்கு மானிட்டரைத் தேர்ந்தெடுத்துத் தருவது பெருமளவில் அவருடைய அறைதான் என்பது என் கருத்து. அதற்கான காரணங்கள் கீழே உள்ளன.

மானிட்டரிடம் எதை எதிர்பார்க்கலாம்

கிட்டார் ஆம்ப்பில் உள்ள ஸ்பீக்கர் ஒலியை உள்ளபடி தருவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது இசைக்கருவியின் ஒரு பகுதி. பரவலாகப் பயன்படும் செலஸ்டியன் வின்டேஜ் 30 என்ற 12 அங்குல ஸ்பீக்கரின் அதிர்வெண் வீச்சை அதன் தயாரிப்பாளர்கள் 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை என்றே குறிப்பிடுகிறார்கள். அதற்கு மேல் உள்ளவற்றை அது வெட்டிவிடுவதால்தான் டிஸ்டார்ஷன் காதுக்கு இனிமையாகக் கேட்கிறது. ஸ்டுடியோ மானிட்டரோ 20,000 ஹெர்ட்ஸ் வரை எதையும் மறைக்காமல் வெளியிடும். ஆகவே டிஸ்டார்ஷன் பெடலின் ஒலியை நேராக இன்டர்ஃபேஸில் செருகி மானிட்டரில் கேட்டால் காதோரம் கொசு ரீங்கரிப்பது போலத்தான் இருக்கும். ஆம்ப்பைப் போல ஒலிக்கச் செய்யும் ஆம்ப் சிமுலேஷனும், அதற்குப் பிறகு ஆம்ப்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலிக்கச் செய்யும் ஒரு கேபினட் சிமுலேஷனும் இருந்தால்தான் கிட்டார் ஒலி கிட்டாராகக் கேட்கும். இதற்குப் பணம் செலவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறந்த மூல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

இதைச் சரிசெய்த பிறகும் ஓர் ஏமாற்றம் மிஞ்சலாம். மானிட்டரில் கேட்பது மைக் வைத்துப் பதிவு செய்யப்பட்ட ஆம்ப்பின் ஒலி; அறையில் நம் பக்கத்தில் நின்று முழங்கும் ஆம்ப்பின் ஒலி அல்ல. தந்தியைத் தட்டியதும் முழங்காலில் காற்று மோதும் அனுபவம்தான் வேண்டும் என்றால் மானிட்டருக்குப் பதிலாக ஒரு சிறிய ஆம்ப் வாங்குவதே நல்லது. பதிவு செய்வது, டோன் அமைப்பது, பின்னணி இசையோடு சேர்ந்து பயிற்சி செய்வது, கலவை செய்வது ஆகியவை நோக்கமாக இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

முதல் படி: அளவு நாடாவை எடுங்கள்

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். இந்த எண்ணை அறையின் ஓர் அளவின் இருமடங்கால் வகுத்தால், அந்தத் திசையில் அறை தானாக அதிரும் முதல் அதிர்வெண் கிடைக்கும். அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களிலும் அதே அதிர்வு திரும்ப வரும். இந்த ஊரில் சாதாரணமாகக் காணப்படும் 12 அடிக்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்வோம். 12 அடி என்பது 3.66 மீட்டர், முதல் அதிர்வு 47 ஹெர்ட்ஸிலும் இரண்டாவது 94 ஹெர்ட்ஸிலும் விழும். 10 அடி என்பது 3.05 மீட்டர், அதற்கு 56, 112 ஹெர்ட்ஸ்.

கிட்டாரோடு இவற்றைப் பொருத்திப் பார்த்தால்தான் இந்த எண்களின் பொருள் விளங்கும். ஆறாவது தந்தியைத் திறந்து மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். அதன் இரண்டாவது ஃப்ரெட் 92.5 ஹெர்ட்ஸ், ஐந்தாவது தந்தியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். அதாவது இந்த அறையில் ஆறாவது தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டும், திறந்த ஐந்தாவது தந்தியும் அறையின் இரண்டாவது அதிர்வுகள் மேலேயே வந்து உட்கார்கின்றன. நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்து அந்தச் சுரங்கள் ஊதிப் பெருத்துக் கேட்கும், அல்லது காணாமலே போகும். இதற்குக் கிட்டாரும் காரணமல்ல, மானிட்டரும் காரணமல்ல. கூரையும் 10 அடி உயரம் என்றால் அகலத்தின் அதிர்வும் உயரத்தின் அதிர்வும் ஒரே எண்ணில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக உள்ள கனசதுர அறைதான் இருப்பதிலேயே மோசமானது. வீட்டில் வேறு அறை இருந்து, வீட்டில் உள்ளவர்களும் சம்மதித்தால், அதை விட்டுவிடுவதே உத்தமம்.

அறையில் உள்ள பொருள்களையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வழுவழுப்பான டைல்ஸ் தரை, பூசிய கான்கிரீட் சுவர், கண்ணாடி ஜன்னல் ஆகிய மூன்றும் நடுத்தர, உயர் அதிர்வெண்களை அப்படியே திருப்பி அனுப்புபவை. மெத்தையும் தடித்த திரைச்சீலையும் துணி அடுக்கிய திறந்த அலமாரியும் நமக்கு நண்பர்கள். இரும்பு பீரோ தனி ரகம். ஆறாவது தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டை, அதாவது 98 ஹெர்ட்ஸை அழுத்தி வாசிக்கும்போது பீரோவின் கைப்பிடி கிணிகிணி என்று அதிர்வதும், அதை மானிட்டரின் கோளாறு என்று எண்ணி ஸ்பீக்கரை மாற்றித் தரும்படி கடைக்காரரோடு வாதாடுவதும் நடக்கக்கூடியவையே. ஒரு துண்டு ஃபெல்ட் துணியைக் கைப்பிடிக்கு அடியில் செருகினால் வேலை முடிந்தது. ஜன்னல் கிரில், டியூப்லைட் மூடி, சுவரில் மாட்டிய சாமி படச்சட்டம் ஆகியவற்றையும் கையால் தட்டிப் பாருங்கள்.

இரண்டாம் படி: எத்தனை அங்குலம்

சாதாரண ட்யூனிங்கில் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 82 ஹெர்ட்ஸ் என்று பார்த்தோம். ஆறாவது தந்தியைத் தளர்த்தி டிராப் டி வைத்தால் 73 ஹெர்ட்ஸ், ஏழு தந்திக் கிட்டாரில் ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸ். இனி இரண்டு மானிட்டர்களின் அளவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 5 அங்குல வூஃபர் கொண்ட யமஹா எச்எஸ்5 மானிட்டரின் ஒலி 74 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைகிறது. 8 அங்குல எச்எஸ்8 அதே அளவு குறைவது 47 ஹெர்ட்ஸில்தான். மேலே கணக்கிட்ட அறையின் முதல் அதிர்வுகளான 47, 56 ஹெர்ட்ஸ் இரண்டையும் எச்எஸ்8 பலமாகவே கிளப்பிவிடும். எச்எஸ்5 அவற்றைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும். கிட்டாருக்குத் தேவையில்லாத ஓர் அடுக்கை அதிகப் பணம் கொடுத்து வாங்கி, அந்த அடுக்கு அறையைக் குழப்புவதைத் தடுக்க மேலும் பணம் செலவழிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஆகவே 10க்கு 10 முதல் 12க்கு 12 வரையிலான அறைக்கு 5 அங்குலமே சரியான அளவு. பிஜி அறை போல அதைவிடச் சிறிய இடத்தில், மேசையிலேயே வைத்து ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு 3 அல்லது 4 அங்குலம்கூடப் போதும். 6.5 அங்குலத்துக்குப் போவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அறை 14 அடிக்குக் குறையாமல் இருப்பது, அல்லது 41 ஹெர்ட்ஸில் தொடங்கும் பேஸ் கிட்டாரையும் நீங்களே பதிவு செய்வது. பேஸ் எப்போதாவது ஒரு முறைதான் என்றால் அந்த அடித்தளத்தை ஒரு நல்ல ஹெட்ஃபோனில் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த அளவு அறையில் சப்வூஃபரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: விவரக்குறிப்பை வாசிப்பது

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்களில் முதலில் கவனிக்க வேண்டியது அதிர்வெண் வீச்சுக்குப் பக்கத்தில் உள்ள டெசிபல் அளவு. எச்எஸ்5 மானிட்டருக்கே 54 ஹெர்ட்ஸ் என்று ஓர் எண்ணும் 74 ஹெர்ட்ஸ் என்று ஓர் எண்ணும் உண்டு. முதலாவது ஒலி 10 டெசிபல் குறையும் இடம், இரண்டாவது 3 டெசிபல் குறையும் இடம். ஒரு நிறுவனத்தின் முதல் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் இரண்டாவது எண்ணோடு ஒப்பிட்டால் தவறான முடிவே கிடைக்கும். டெசிபல் அளவே குறிப்பிடாமல் வெறும் வீச்சை மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை.

வாட் பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் இங்கே உதவாது. ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு 5 அங்குல மானிட்டரின் 50 முதல் 80 வாட் தாராளம். வாட்டைவிட முக்கியமானது, ஒலி எதுவும் இல்லாத நேரத்தில் ட்வீட்டரிலிருந்து (உயர் அதிர்வெண்களைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) வரும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். இது எந்த விளம்பரத்திலும் இருக்காது. இரவு நேரத்தில், அமைதியான அறையில், காதுக்கு அருகிலேயே மானிட்டர் இருக்கும்போதுதான் தெரியவரும். கடையில் உள்ள ஏசி சத்தத்தில் இது கேட்காது என்பதால் ட்வீட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்துக் கேளுங்கள்.

உள்ளீடுகளில் எக்ஸ்எல்ஆர் அல்லது டிஆர்எஸ் இருக்க வேண்டும். இவை பேலன்ஸ்டு இணைப்புகள்; வழியில் நுழையும் மின் இரைச்சலைத் தாமே கழித்துவிடும். ஆர்சிஏ மட்டும் உள்ள மாடல்களைத் தவிர்க்கலாம். பின்பக்கத்தில் சுவர் அருகாமைக்கான சுவிட்ச் இருப்பதும் அவசியம். எச்எஸ்5 மானிட்டரில் அது ரூம் கன்ட்ரோல் என்ற பெயரில் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும். ஜேபிஎல்லில் பவுண்டரி ஈக்யூ என்று பெயர். நம் அறைகளில் மானிட்டர் சுவரை ஒட்டியே நிற்கப்போகிறது என்பதால் இந்தச் சுவிட்சை நீங்கள் நிச்சயமாகப் பயன்படுத்துவீர்கள்.

பேஸ் போர்ட் (தாழ்ந்த ஒலிக்காகப் பெட்டியில் வைத்த காற்றுத் துளை) முன்னால் இருந்தால்தான் சுவரோரம் வைக்கலாம் என்று கடைகளில் சொல்வார்கள். இது பாதி உண்மை. தாழ்ந்த அதிர்வெண்கள் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினாலும் எல்லாத் திசைகளிலும் பரவும். ஆதலால் முன்போர்ட் மானிட்டரும் சுவரருகில் பேஸைக் கூட்டத்தான் செய்யும். பின்போர்ட் மாடலுக்குக் காற்று போய்வர ஒரு சாண் இடைவெளி தேவை, அவ்வளவுதான்.

ப்ளூடூத் வசதியைக் கிட்டார் வாசிப்பவர் மறந்துவிடலாம். தந்தியைத் தட்டிய பிறகு நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ தாமதித்து ஒலி வந்தால் தாளத்தில் வாசிக்கவே முடியாது. கம்பி வழியாக இணைத்து, நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் பஃபரை, அதாவது லேப்டாப் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும் சாம்பிள்களின் எண்ணிக்கையை, 128 என்று வைத்தால் ஒரு பஃபரின் தாமதம் 2.7 மில்லி நொடிதான். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ 3 மில்லி நொடி ஆகும். உள்ளே டிஜிட்டல் செயலி வைத்த சில மானிட்டர்களும் தம் பங்குக்குச் சிறிது தாமதத்தைச் சேர்க்கும். அந்த எண்ணை விவரக்குறிப்பில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: சில பெயர்கள்

யமஹா எச்எஸ்5 கிட்டார்காரர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர். அதன் வெள்ளைக் கூம்பு 1978இல் வெளியாகி 2001இல் உற்பத்தி நின்ற என்எஸ்10 மானிட்டரின் நினைவாக வந்தது. வீட்டு ஸ்பீக்கராக அறிமுகமான என்எஸ்10 உலகெங்கும் ஸ்டுடியோக்களில் இடம்பிடித்ததற்குக் காரணம் அது இனிமையாகக் கேட்டது அல்ல. நடுத்தர அதிர்வெண்களில் உள்ள குறைகளை ஈவிரக்கமின்றிக் காட்டியதுதான். கிட்டார் வாழ்வதும் அந்த நடுத்தர அதிர்வெண்களில்தானே. எச்எஸ்5 அதனுடைய நகல் அல்ல என்றாலும் அதே நேர்மை ஓரளவு இதிலும் உண்டு. சிலருக்கு இது வறட்சியாகத் தோன்றும்.

ஜேபிஎல் 305பி மார்க் 2 மானிட்டரில் இனிமையாகக் கேட்கும் பரப்பு அகலமானது. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அப்படி இப்படி நகர்பவர்களுக்கு அது வசதி. ஆடம் டி5வி மானிட்டரின் ட்வீட்டர் வழக்கமான குமிழ் வடிவம் அல்ல, மடிப்பு வைத்த ரிப்பன் வகை. அக்கூஸ்டிக் கிட்டாரில் விரல் தந்தியில் உரசும் ஒலிகூடத் துல்லியமாகத் தெரியும். காலி (Kali) நிறுவனத்தின் எல்பி-6 மானிட்டரின் பின்பக்கத்தில், மேசை மேல், சுவரோரம், ஸ்டாண்டில் என்று ஒவ்வோர் இடத்துக்கும் சுவிட்சுகளை எப்படி வைக்க வேண்டும் என்று படமே போட்டிருக்கிறார்கள். ஆனால் அது 6.5 அங்குலம் என்பதை மறக்க வேண்டாம். கேஆர்கே ரோக்கிட் 5 நான்காம் தலைமுறையில் சிறு திரையோடு ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) உண்டு. கைவசம் பணம் குறைவு என்றால் ஜோடியாகவே விற்கப்படும் பிரிசோனஸ் ஈரிஸ் 3.5 போதும். பணம் ஒரு தடையல்ல என்றால் ஃபின்லாந்தின் ஜெனலெக் 8020, ஜெர்மனியின் நாய்மன் கேஎச் 80 ஆகிய இரண்டும் 4 அங்குலத்திலேயே எத்தனையோ பெரிய மானிட்டர்களைத் தலைகுனிய வைக்கும்.

விலையைப் பார்க்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். மேலே சொன்னவற்றில் பலவும் ஒற்றையாக விற்கப்படுபவை. ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைப்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் ஒரே ஒரு மானிட்டரின் விலை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மானிட்டர் என்றால் அது 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று பின்பக்கம் பார்த்த பிறகே செருக வேண்டும். இந்திய விநியோகஸ்தரின் உத்தரவாத அட்டையும் பில்லும் கையில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கேட்டுப் பார்ப்பது

பெங்களூரில் பெரிய இசைக்கருவிக் கடைகளில் மானிட்டர்களை அடுக்கில் வைத்திருப்பார்கள். வார நாளில், கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் ஒரு மேசையில் எடுத்து வைத்துக் காட்டச் சொல்லலாம். உங்கள் கிட்டார், இன்டர்ஃபேஸ், லேப்டாப் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் பாட்டில் எந்த ஸ்பீக்கரும் அழகாகத்தான் கேட்கும்.

முதல் வேலை ஒலியளவைச் சமப்படுத்துவது. இரண்டு மானிட்டர்களில் ஒன்று ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் அதுதான் தரமானது என்று காது சாதிக்கும். கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலியைத் திறந்துவைத்து, பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் இரண்டும் ஒரே எண் காட்டும்படி செய்யுங்கள். பிறகு ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, எந்த எஃபெக்ட்டும் இல்லாத சுத்தமான கிட்டார் ஒலியை மோனோவில் வாசியுங்கள். ஒலி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், காற்றில் ஒரு புள்ளியிலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டும். அந்தப் புள்ளி பரந்து கலங்கினால் ஜோடி சரியாகப் பொருந்தவில்லை, அல்லது வைத்திருக்கும் இடம் சரியில்லை. அடுத்து கெயினை ஏற்றி, பவர் கார்டு (power chord) என்ற சுரக்கூட்டு ஒன்றைப் பிடித்து ஒலிக்க விடுங்கள். 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும் கரகரப்பு உள்ளபடி கேட்கிறதா, மழுங்கிப் போகிறதா, காதைக் குத்துகிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒலியளவை, பக்கத்தில் இருப்பவரோடு பேசும் அளவுக்குக் குறைத்து அதே பகுதியைத் திரும்ப வாசியுங்கள். வீட்டில் பெரும்பாலான நேரம் அந்த அளவில்தான் வாசிக்கப்போகிறீர்கள்; அங்கே உயிர் இழந்துபோகும் மானிட்டரால் உங்களுக்குப் பயனில்லை.

ஆறாம் படி: பணத்தைப் பங்கிடுவது

கையில் 40,000 ரூபாய் இருந்தால் மானிட்டருக்கு 28,000க்கு மேல் போக மாட்டேன். மிச்சத்தில் இரண்டு ஸ்டாண்ட், நல்ல கேபிள், சுவருக்கான ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கனிம இழைப் பலகை) எல்லாம் அடங்க வேண்டும். இன்டர்ஃபேஸிலிருந்து மானிட்டருக்குப் போவது டிஆர்எஸ் கேபிளாக இருக்கட்டும். கிட்டாருக்குச் செருகும் கேபிளை அங்கே பயன்படுத்தினால் பேலன்ஸ்டு இணைப்பின் பலன் போய்விடும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேபிளும் கனெக்டரும் தனித்தனியாக வாங்கி, வேண்டிய நீளத்துக்குச் சால்டர் செய்துகொள்ளலாம்.

ஏழாம் படி: அறையில் வைப்பது

மானிட்டர்கள் அறையின் குறுகிய சுவரோரம் நின்று நீளவாக்கில் ஒலிக்க வேண்டும். இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் சம தூரத்தில் இருப்பது முக்கியம். கதவும் அலமாரியும் இதற்கு ஒத்துவராவிட்டால், மூலையில் வைப்பதை மட்டுமாவது தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் தலை இருக்கும் இடத்தை அடுத்து முடிவு செய்யுங்கள். முன்சுவரிலிருந்து, அதாவது மானிட்டர்கள் நிற்கும் சுவரிலிருந்து, அறை நீளத்தில் 38 விழுக்காடு என்பது நல்ல தொடக்கம். 12 அடி அறையில் ஏறத்தாழ நாலரை அடி. அறையின் நட்ட நடுவில் நீளத்தின் முதல் அதிர்வு மறைந்துபோகும், இரண்டாவது உச்சத்தில் இருக்கும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் எல்லா அதிர்வுகளும் உச்சத்திலேயே இருக்கும். கட்டிலில் சாய்ந்துகொண்டு டோன் அமைப்பவர்களுக்குப் பேஸ் எப்போதும் அதிகமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

தலையும் இரண்டு மானிட்டர்களும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஒரு மீட்டர். ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தால் தரையிலிருந்து சுமார் 110 முதல் 120 சென்டிமீட்டரில் இருக்கட்டும். கிட்டாரை ஏந்திய நிலையில் உட்கார்ந்து அளந்து பாருங்கள். அப்போது உடல் சற்று முன்னால் சாயும். மானிட்டரைப் படுக்க வைக்க வேண்டாம்.

சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. மானிட்டரிலிருந்து பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் நேர் ஒலியை அழித்துவிடும். மானிட்டரின் முகப்பிலிருந்து சுவர் வரை 60 சென்டிமீட்டர் இருந்தால் அது 143 ஹெர்ட்ஸில், அதாவது திறந்த நான்காவது தந்திக்கு மிக அருகில் விழும். 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் 286 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அந்த அதிர்வெண்ணைத் தடித்த ராக்வூல் ஓரளவு உறிஞ்சும். எனவே சிறிய அறையில் மானிட்டரைச் சுவருக்கு நெருக்கமாகவே, பின்னால் ஒரு சாண் விட்டு வைத்து, அதனால் கூடும் பேஸைப் பின்பக்கச் சுவிட்சில் 2 டெசிபல் குறைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. போதாவிட்டால் மட்டும் 4 டெசிபலுக்குப் போங்கள்.

வீட்டுக்காரர் கீழ்த்தளத்திலும் நாம் மேல்தளத்திலும் இருப்பது இந்த ஊரின் வழக்கமான ஏற்பாடு. மேசை வழியாகவும் தரை வழியாகவும் இறங்கும் அதிர்வுதான் அவரை முதலில் எட்டும். ஸ்டாண்டுக்கு அடியிலும் மானிட்டருக்கு அடியிலும் தடித்த ரப்பர் அல்லது அடர்ந்த ஃபோம் வையுங்கள்.

இனி சுவர்கள். நாற்காலியில் நீங்கள் இருக்க, ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் நகர்த்தட்டும். எந்த இடத்தில் மானிட்டரின் ட்வீட்டர் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கேதான் முதல் பிரதிபலிப்பு நடக்கிறது. இருபக்கமும் அந்த இடத்திலும், மானிட்டருக்குப் பின்னால் உள்ள முன்சுவரிலும் உறிஞ்சும் பலகை வேண்டும். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி இருக்காது என்பதால், நிற்கும் மரச்சட்டத்துக்குள் 50 மில்லிமீட்டர் ராக்வூலை இரண்டு அடுக்காக வைத்துப் பருத்தித் துணி சுற்றிக்கொள்ளலாம். அதைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். மெல்லிய கூம்பு ஃபோமை அறை முழுக்க ஒட்டுவது பணத்துக்குக் கேடு. அது உயர் அதிர்வெண்களை மட்டும் உறிஞ்சிவிட்டு, சிக்கல் இருக்கும் 90, 110 ஹெர்ட்ஸை அப்படியே விட்டுவிடும். முட்டை அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எல்லாம் வைத்து முடித்த பிறகு கிட்டாராலேயே அறையைச் சோதிக்கலாம். ஆறாவது தந்தியில் திறந்த நிலையிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரத்தையும் ஒரே பலத்தில் மீட்டிப் பதிவு செய்து, அதை மானிட்டரில் ஓடவிடுங்கள். பதிவின் அலைவடிவத்தில் சமமாகத் தெரியும் சுரம் காதுக்குப் பெருத்தோ மெலிந்தோ கேட்டால் அது அறையின் வேலை. நாற்காலியை ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்தி, ஏற்ற இறக்கம் குறைவாக உள்ள இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். துல்லியமாக அளக்க விரும்புவோருக்கு ரூம் ஈக்யூ விஸார்டு என்ற இலவச மென்பொருளும் அளவீட்டுக்கான ஒரு மைக்கும் போதும்.

எட்டாம் படி: ஹம் சத்தத்தை விரட்டுவது

லேப்டாப், இன்டர்ஃபேஸ், இரண்டு மானிட்டர்கள் அனைத்தும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருக்கட்டும். ஹம் (தொடர்ந்து வரும் 'ம்ம்' என்ற மின் இரைச்சல்) வந்தால் கிட்டார் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் சிக்கல் கிட்டார் பக்கம். கிட்டாரில் இருப்பது மின் இரைச்சலை எளிதில் வாங்கும் சிங்கிள் காயில் பிக்கப் என்றால் மானிட்டரிலிருந்தும் கணினித் திரையிலிருந்தும் சற்றுத் திரும்பி உட்கார்ந்தாலே பெருமளவு குறையும். நிற்காவிட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிச் சோதியுங்கள். சீலிங் ஃபேனின் ரெகுலேட்டரும் ஒரு பழைய குற்றவாளி. ஹம் போக வேண்டும் என்பதற்காகப் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவது உயிருக்கு ஆபத்து. வீட்டின் எர்த்தையே எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். மின்வெட்டில் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் மானிட்டர் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. இயக்கும்போது மானிட்டரைக் கடைசியிலும், அணைக்கும்போது முதலிலும் தொட்டால் 'தொப்' என்ற அதிர்ச்சி வூஃபருக்கு நேராது.

ஒன்பதாம் படி: ஒலியளவும் டோனும்

ஒலி மாசு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும்தான் வரம்பு. இரவு பத்துக்கு மேல் ஹெட்ஃபோனுக்கு மாறிவிடுங்கள். பகலில் வேலை செய்ய ஒரு நிலையான அளவு வேண்டும். 1,500 கன அடிக்குக் குறைவான அறைக்கு அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் பரிந்துரை 76 டெசிபல். நம் 12க்கு 10 அறை இந்த வகையில்தான் வருகிறது. அந்த அளவில் இன்டர்ஃபேஸின் குமிழ் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் காரணம் காதின் இயல்பு. ஒலியளவு குறையக் குறையத் தாழ்ந்த அதிர்வெண்கள் நம் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டினார்கள். நள்ளிரவில் மெல்லிய ஒலியில் பேஸை ஏற்றி அமைத்த டோன் மேடையில் குமுறுவது அதனால்தான். டோன் முடிவுகளைப் புள்ளி வைத்த அளவில் மட்டும் எடுங்கள்.

புது மானிட்டர் வந்ததும் பழைய பிரீசெட்டுகள் (சேமித்து வைத்த டோன் அமைப்புகள்) எல்லாவற்றையும் ஒரு முறை திறந்து பாருங்கள். கேபினட் சிமுலேஷனில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிட்டுத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். பிறகு அதே பிரீசெட்டைக் கைபேசி ஸ்பீக்கரிலும் காரிலும் கேளுங்கள். மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாம் ரூம் ஒன்றுக்கும் எடுத்துச் சென்று, டிரம்ஸோடு முழு ஒலியில் வாசித்து, அங்கே பேஸ் குமிழை எவ்வளவு குறைக்க வேண்டியிருந்தது என்று குறித்துக்கொண்டு வந்து, மேடைக்கென்று தனியாக ஒரு பிரீசெட்டாகச் சேமித்து வையுங்கள்.